காட்டுத்தீப் புகை நாட்களில் வீடு: ஃபர்னஸ், எச்.ஆர்.வி, பேஸ்மென்ட், பெட்டி விசிறி

#1 தாழையடி (ஸ்காபரோ)

வணக்கம் உறவுகளே.

2023 யூனில கியூபெக் காடுகள் எரிஞ்சபோதும், 2025 யூலையில வட ஒன்ராறியோ, மனிரோபா, சஸ்காச்சுவான் புகை இறங்கினபோதும் ரொறொன்ரோவில என்ன நிலைமை எண்டு எல்லாருக்கும் தெரியும். புகை வந்த பிறகு ஓடினால் கடைத் தட்டில ஃபில்டர் இருக்காது. அதால இப்பவே கேக்கிறன்.

வீடு இரண்டு மாடி, ஏறக்குறைய 2000 சதுர அடி, 2010க்குப் பிறகு கட்டினது. காஸ் ஃபர்னஸ், மத்திய ஏசி, ஃபில்டர் 16x25x1. எச்.ஆர்.வி (உள்காத்தை வெளிய விட்டு, வெளிக்காத்தை உள்ள எடுக்கிற யந்திரம்) இருக்கு. பேஸ்மென்டில ஒரு குடும்பம் வாடகைக்கு. அவைக்கும் இதே ஃபர்னஸ்தான். மேல ஆஸ்துமா உள்ள 9 வயசுப் பிள்ளையும் 70 தாண்டின அம்மாவும். யன்னலைப் பூட்டினால் போதுமோ? எந்த ஃபில்டர்? எச்.ஆர்.வியை நிப்பாட்டலாமோ? தனியா ஒரு எயார் கிளீனர் வாங்கவேணுமோ?

#2 குளிர்காற்று (மார்க்கம்)

தம்பி, ஃபில்டருக்கு முதல் ஒண்டை விளங்கிக்கொள்ளுங்கோ. வீட்டுக்குள்ள இருந்து எவ்வளவு காத்தை வெளிய தள்ளுறமோ, அவ்வளவு காத்து எங்கையோ ஒரு வெடிப்பால உள்ள வந்தே தீரும். யன்னலை எவ்வளவு இறுக்கிப் பூட்டினாலும் சரி. புகை வீட்டுக்குள்ள வாறதுக்கு நாங்களே போட்டுவிடுற விசிறிகளும் ஒரு பெரிய காரணம்.

கணக்கைப் பாருங்கோ. 2000 சதுர அடி, 8 அடி கூரை எண்டால் 16,000 கன அடி காத்து. அடுப்புக்கு மேல இருக்கிற ஹூட் நிமிசத்துக்கு 300 கன அடி வெளிய தள்ளும். அரை மணித்தியாலம் ஓடினால் 9,000 கன அடி. அதாவது வீட்டுக் காத்தில பாதிக்கு மேல போய், அந்த இடத்துக்கு வெளியில இருக்கிற புகைக்காத்து வந்திடும். உடுப்புக் காயவைக்கிற டிரையர் 150 முதல் 200 வரை தள்ளும். குளியலறை விசிறி 50 முதல் 110. புகை நாளில டிரையர் ஓட்டாமல் விட்டாலே பிரச்சினை குறையும்.

இனி ஃபில்டர். மெர்வ் 13 போடுங்கோ. மெர்வ் எண்டது ஃபில்டர் துணிக்கையைப் பிடிக்கிற தரத்தின்ர எண், கூடக் கூட நல்லாப் பிடிக்கும். மெர்வ் 8 பஞ்சு ஃபில்டர் தூசுக்கும் முடிக்கும் சரி, புகைக்குச் சரிவராது. காட்டுத்தீப் புகைத் துணிக்கைகளில பெரும்பாலானவை 1 மைக்ரோனுக்கும் சிறிசு. அந்த அளவில (0.3 முதல் 1 மைக்ரோன்) ஒரு தடவை கடக்கேக்கையே குறைஞ்சது 50 வீதத்தைப் பிடிக்கவேணும் எண்டதுதான் மெர்வ் 13க்கான சோதனை. பெட்டியில மெர்வ் போடாமல் எம்.பி.ஆர் 1900 அல்லது எஃப்.பி.ஆர் 10 எண்டு போட்டிருந்தாலும் ஏறக்குறைய அதே தரம்தான்.

ஆனால் ஃபில்டரை மாத்திப்போட்டு தெர்மோஸ்டாற்றில விசிறியை "ஓட்டோ"வில விட்டால் பிரயோசனம் இல்லை. எல்லாப் புகை நாளும் வெக்கையா இருக்காது. வெளியில 22 பாகை எண்டால் ஏசி ஓடாது. ஏசி ஓடாட்டி விசிறியும் ஓடாது, காத்து ஃபில்டரைக் கடக்கவே கடக்காது. விசிறியை "ஓன்"இல போடுங்கோ. 1,000 சி.எஃப்.எம் (நிமிசத்துக்கு இத்தனை கன அடி) ஓடுற விசிறி எண்டால் வீட்டுக் காத்து முழுதும் 16 நிமிசத்துக்கு ஒருக்கா ஃபில்டரைத் தாண்டும்.

அடுத்தது, ஃபில்டர் போடுற வாயைப் பாருங்கோ. கன வீடுகளில அந்தச் சந்துக்கு மூடியே இராது. அதுக்கால பேஸ்மென்ட் காத்து ஃபில்டரைச் சுத்திக்கொண்டு உள்ள போகும். காந்தத் தகடு ஒண்டை ஒட்டுங்கோ, இல்லாட்டி அலுமினிய ஃபொயில் டேப்பால மூடுங்கோ. அம்புக்குறி ஃபர்னஸ் பக்கம் பாக்கவேணும்.

#3 தாழையடி

நன்றி அண்ணை. 1 அங்குல மெர்வ் 13 போட்டால் ஃபர்னஸுக்கு மூச்சு முட்டும், விசிறி எரியும் எண்டு சொல்லுகினம். உண்மையோ?

#4 குளிர்காற்று (மார்க்கம்)

முழுப் பொய்யும் இல்லை. 1 அங்குல ஃபில்டரில மடிப்புகளின்ர பரப்பு குறைவு, அதால காத்துக்குத் தடை கூட. குழாய்கள் முதலே ஒடுக்கமா இருந்தால் அந்த மேலதிகத் தடையை விசிறி தாங்காது. அறிகுறிகள் இவைதான்: ஃபில்டர் உள்நோக்கி வில்லு மாதிரி வளையும், சந்தில விசில் சத்தம் வரும், தூர அறைகளில காத்து செத்துப்போகும். கோடையில ஏசி ஓடேக்கை கொயிலுக்குப் போற தடிச்ச செப்புக் குழாயில ஐஸ் கட்டும். ஐஸைக் கண்டால் குளிரை நிப்பாட்டி, விசிறியை மட்டும் ஓடவிட்டுச் சில மணித்தியாலம் உருகவிடுங்கோ. கத்தியாலயோ சுடுதண்ணியாலயோ ஐஸை எடுக்கப் பாக்காதேங்கோ, கொயில் ஓட்டையாகும்.

அப்பிடி வந்தால் மெர்வ் 11க்கு இறங்கி, மிச்ச வேலையை அறைக்குள்ள வைக்கிற கிளீனருக்கு விடுங்கோ. நிரந்தரத் தீர்வு 4 அங்குல ஃபில்டர் கூடு. தகர வேலை செய்யிற ஆள் வந்து ரிட்டேர்ன் குழாயை (அறைக்காத்தை ஃபர்னஸுக்குத் திருப்பிக் கொண்டுவாறது) வெட்டிப் பொருத்தவேணும். பரப்பு கனக்கக் கூட, தடை குறைவு, ஆறு மாசம் முதல் ஒரு வருசம் வரை தாங்கும். 1 அங்குலம் சாதாரண நாளில மூண்டு மாசம். தொடர் புகையில நாள்கணக்கைப் பாக்கவேண்டாம், கிழமைக்கு ஒருக்கா இழுத்து நிறத்தைப் பாருங்கோ. மண்ணிறமாகிப் புகை மணத்தால் மாத்தவேணும்.

#5 மழைக்காடு (வன்கூவர்)

குளிர்காற்று சொன்னதோடு அளவீட்டைப் பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன். பிரிட்டிஷ் கொலம்பியாவில் இது ஏறக்குறைய ஒவ்வொரு கோடையும் வரும் விஷயம்.

வானத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சூரியன் செம்பழமாகத் தெரிந்தாலும் புகை 3 கிலோமீட்டர் உயரத்தில் கடந்துபோகலாம், தரையில் காற்று நன்றாக இருக்கும். எதிர்மாறாகவும் நடக்கும். காலையில் தரையோடு ஒட்டிய குளிர்ந்த அடுக்கு மேலே இருக்கும் புகையை இறங்கவிடாது. வெயில் ஏறிக் காற்று கலங்கியதும் மதியத்துக்கு மேல் அது கீழே வந்துவிடும். காலையில் பார்த்த எண்ணை நம்பி மாலையில் பிள்ளைகளை விளையாட அனுப்புவது இப்படித்தான் தவறாகப் போகிறது.

மூக்கையும் நம்ப வேண்டாம். ஆயிரம் கிலோமீட்டர் பயணித்த புகையில் மணம் தரும் வாயுக்கள் வழியிலேயே வெயிலில் சிதைந்துவிடும், நுண்துகள் மிஞ்சும். மணம் இல்லாத நாளிலும் பிஎம் 2.5 (2.5 மைக்ரோனும் அதற்குக் குறைவுமான நுண்துகள், கன மீட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று அளப்பது) மூன்று இலக்கத்தில் நிற்கலாம்.

கனடாவில் எல்லோரும் பார்க்கும் ஏ.க்யூ.எச்.ஐ (காற்றுத் தரச் சுகாதாரக் குறியீடு) எண்: 1 முதல் 3 வரை குறைவு, 4 முதல் 6 வரை நடுத்தரம், 7 முதல் 10 வரை அதிகம், அதற்கு மேல் மிக அதிகம். அதன் மூலச் சூத்திரம் ஓசோன், நைட்ரஜன் டை ஆக்சைடு, பிஎம் 2.5 மூன்றின் 3 மணிநேரச் சராசரிகளை வைத்துப் போடுவது. நகரப் புகைக்காக உருவானது. காட்டுத்தீப் புகை திடீரென்று வரும்போது பின்தங்கிவிடும். அதனால் இங்கே புகை நாட்களில் ஒரு மணிநேர பிஎம் 2.5ஐ 10ஆல் வகுத்து மேல்நோக்கி முழுமையாக்கிய எண்ணைத் தருகிறார்கள். 65 மைக்ரோகிராம் என்றால் 7. வீட்டில் மனக்கணக்காகவும் இதைப் போடலாம்.

அமெரிக்கச் செயலிகள் காட்டும் ஏ.க்யூ.ஐ வேறு அளவுகோல். 150 என்பது 150 மைக்ரோகிராம் அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு குழுக்களில் பயமுறுத்தும் செய்தி அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். எண்ணோடு அலகையும் எழுதுங்கள். உலக சுகாதார அமைப்பின் 2021 வழிகாட்டுதல் 24 மணிநேரத்துக்கு 15 மைக்ரோகிராம், அதை ஒப்பிட வைத்துக்கொள்ளலாம்.

பக்கத்துத் தெருக்களில் மக்கள் மாட்டியிருக்கும் பர்ப்பிள் எயார் என்ற சின்ன பிஎம் 2.5 அளவீட்டுக் கருவிகளின் திருத்தப்படாத எண் புகையில் கூடுதலாகக் காட்டும். வரைபடத்தில் அமெரிக்கச் சூழல் முகமையின் திருத்தத்தைத் தேர்வு செய்யும் வசதி உண்டு.  நாளை எப்படி என்று பார்க்க ஃபயர்ஸ்மோக் கனடா தளத்தின் முன்கணிப்பு வரைபடம் உதவும். அதில் மணி நேரத்தை முழுதாக நம்பாமல், எந்த நாள் மோசம், எப்போது காற்று திரும்பும் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

#6 தாழையடி

எச்.ஆர்.வி பற்றி ஆரும் சொல்லேல்லையே?

#7 குளிர்காற்று (மார்க்கம்)

வாறன். எச்.ஆர்.வியின்ர வேலையே வெளிக்காத்தை உள்ள கொண்டுவாறது. அதுக்குள்ள இருக்கிற சாம்பல் நிற நுரை ஃபில்டர் பூச்சியையும் தூசையும் மறிக்கும், புகை அப்பிடியே கடந்துவரும். ஆகவே ஏ.க்யூ.எச்.ஐ 7க்கு மேல போனால் நிப்பாட்டுங்கோ. சுவர்க் கட்டுப்பாட்டில "ரீசேர்குலேஷன்" (உள்காத்தையே சுத்திவிடுறது) இருந்தால் அதைப் போடலாம்.

கனபேர் விடுற பிழை ஒண்டு: சுவரில நிப்பாட்டிப்போட்டு, குளிச்சு முடிய குளியலறையில 20-40-60 நிமிசப் பொத்தானை அமத்துறது. அந்தப் பொத்தான் கன வீடுகளில எச்.ஆர்.வியை முழு வேகத்தில ஓட்டும், சுவரில நிப்பாட்டி இருந்தாலும். நிச்சயமா நிக்கவேணும் எண்டால் பேஸ்மென்டில இருக்கிற யந்திரத்தின்ர பிளக்கையே கழட்டுங்கோ. திருப்பிப் போட மறக்காமல் தெர்மோஸ்டாற்றில ஒரு துண்டு ஒட்டிவிடுங்கோ.

ஆனால் நாள்கணக்கா நிப்பாட்டக் கூடாது. புகை ஒரே அளவில நிக்காது, காத்துத் திரும்பேக்கையும் மழை விழேக்கையும் இறங்கும். வெளியில பிஎம் எண் உள்ள இருக்கிறதைவிடக் குறைஞ்ச நேரம் ஓடவிடுங்கோ.

பழைய வீடுகளில எச்.ஆர்.விக்குப் பதிலா வெளிச்சுவரில இருந்து ரிட்டேர்ன் குழாய்க்கு நேரா 5 அல்லது 6 அங்குல வளையும் குழாய் ஒண்டு வரும். அதில டேம்பர் (குழாயை மூடுற தகடு) இருந்தால் மூடலாம். இதில ஒரு பெரிய எச்சரிக்கை: எந்தக் குழாய் எண்டு நிச்சயமாத் தெரியாமல் ஒண்டையும் அடைக்காதேங்கோ. ஃபர்னஸுக்கும் தண்ணி கீற்றருக்கும் எரியக் காத்துக் கொடுக்கிற குழாயும் அதே மாதிரித்தான் இருக்கும். சில வீட்டில அது நிலத்துக்குக் கிட்டத் திறந்தபடி முடியும். பிளாஸ்ரிக் குழாய் இரண்டு வெளிச்சுவரில நிண்டால் அதுவும் ஃபர்னஸின்ர மூச்சு. அதை அடைச்சால் யந்திரம் நிண்டுபோகும், பழைய யந்திரம் எண்டால் கார்பன் மொனொக்சைட் வீட்டுக்குள்ள திரும்பும். மேல குடை மாதிரித் தகரம் உள்ள பழைய தண்ணி கீற்றர் இருக்கிற வீட்டில, எல்லாத்தையும் மூடிப்போட்டு ஹூட்டையும் டிரையரையும் ஒண்டா ஓட்டுறதும் அதே ஆபத்து. கார்பன் மொனொக்சைட் அலாரம் பேஸ்மென்டில படுக்கிற இடத்துக்குக் கிட்டவும் இருக்கவேணும்.

#8 சொதி (ஏஜாக்ஸ்)

குசினியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பாதிதான். எங்கட சமையலே ஒரு சின்னக் காட்டுத்தீ அளவுக்குத் துணிக்கை கிளப்பும். செத்தல் மிளகாய் வறுத்துத் தூள் இடிக்கிறது, மீன் பொரிக்கிறது, கடுகு வெடிக்கவிட்டுத் தாளிக்கிறது எல்லாம் எண்ணெய் புகையிற சூட்டில நடக்கிறது. ஹூட் போட்டால் வெளிப்புகை உள்ள வரும், போடாட்டிக் குசினிப்புகை உள்ளயே நிக்கும். இரண்டும் கெட்டது. ஆகவே அண்டைக்கு எண்ணெயைச் சூடாக்காத சாப்பாடு வைக்கவேணும். இடியப்பம், புட்டு, சொதி, பருப்பு, பிரஷர் குக்கரில கறி. ஆவி துணிக்கை இல்லை, யன்னலை மூடினபடி செய்யலாம். தாளிக்காமல் முடியாது எண்டால் மூடி போட்டுச் சின்ன நெருப்பில, 2 நிமிசம் ஹூட், உடன நிப்பாட்டுங்கோ. மிளகாய்த்தூள் வறுக்கிற வேலையை மே மாசத்திலேயே முடிச்சு வையுங்கோ.

ஊதுபத்தி, சாம்பிராணி, கற்பூரம் மூண்டும் வேண்டாம். சாமி அறையில நெய் விளக்கு ஒண்டு போதும், அதுவும் பூசை முடிய அணைச்சுவிடலாம். அம்மாமார் புகை மணத்தைப் போக்கச் சாம்பிராணி போடுவினம். மணம் மாறும், துணிக்கை கூடும்.

ஹூட் வெளிய தள்ளாமல் காத்தைத் திருப்பி உள்ளயே விடுற வகை எண்டால் (மைக்ரோவேவோட வாறது கனக்க அப்பிடி) போடுறதால புகை உள்ள வராது. ஆனா எண்ணெய்க் கரியையும் பெரிசாப் பிடிக்காது.

#9 மழைக்காடு (வன்கூவர்)

சொதி அக்கா சொன்னதற்கு ஒரு துணைக்குறிப்பு. வீட்டில் சின்ன பிஎம் கருவி வைத்திருப்பவர்கள் சமைக்கும்போதும் அல்ட்ராசோனிக் ஹியூமிடிஃபையர் ஓடும்போதும் எண் பாய்வதைப் பார்த்துப் பதறுவார்கள். ஆவியையும் குழாய்த் தண்ணீரின் உப்பையும் கருவி துகளாகவே எண்ணும். ஹியூமிடிஃபையரை நிறுத்தி 20 நிமிடம் கழித்துப் பாருங்கள். சமையலறையை விட்டுத் தள்ளி, படுக்கும் உயரத்தில் வைத்தால் நம்பும் எண் வரும்.

#10 குளிர்காற்று (மார்க்கம்)

தனிக் கிளீனர் கேள்விக்கு. முழு வீட்டையும் காப்பாத்தப் பாக்காதேங்கோ. ஒரு அறையைச் சுத்த அறையா வைச்சு, பிள்ளையும் அம்மாவும் அங்க படுக்கட்டும். கதவு மூடியிருக்கவேணும்.

சி.ஏ.டி.ஆர் எண்டு பெட்டியில ஒரு எண் இருக்கும், நிமிசத்துக்கு எத்தனை கன அடி சுத்தமான காத்துத் தரும் எண்டது. சாதாரண நாளுக்கு அறைப் பரப்பின்ர மூண்டில் இரண்டு போதும். காட்டுத்தீப் புகைக்கு அறைப் பரப்பளவுக்குச் சமமா இருக்கவேணும். 12க்கு 14 அறை 168 சதுர அடி, ஆகவே 168 சி.எஃப்.எம். சில பெட்டிகளில மணிக்குக் கன மீற்றரில போட்டிருக்கும். அதை 1.7ஆல வகுத்தால்தான் சி.எஃப்.எம். 286 எண்டு பாத்து "286 சதுர அடி அறைக்குச் சரி" எண்டு வாங்கினால் ஏமாறுவியள், அது 168தான். அந்த எண்ணும் முழு வேகத்துக்கு. இரவு "ஸ்லீப்"இல போட்டால் அதில ஒரு பங்குதான் கிடைக்கும். அதால கணக்குக்கு மேல ஒரு அளவு பெரிசா வாங்கி நடு வேகத்தில ஓட்டுறது நல்லது, சத்தமும் குறையும். "ஓட்டோ"வை விடுங்கோ. அதின்ர சென்சர் தன்ர வாயில வாற சுத்தமான காத்தைத்தான் மணக்கும், கெதியில வேகத்தைக் குறைச்சுவிடும்.

ஓசோன் விடுற யந்திரம், "அயன்" எண்டு மட்டும் சொல்லி விக்கிறது ரெண்டையும் தொடவேண்டாம். ஆஸ்துமாக்காரருக்கு ஓசோனே எதிரி.

காசு குறைவெண்டால் பெட்டி விசிறியால நீங்களே ஒரு கிளீனர் கட்டலாம். தேவை: 20 அங்குலப் பெட்டி விசிறி ஒண்டு, 20x20 மெர்வ் 13 ஃபில்டர் நாலு, அகல டக்ட் டேப், விசிறி வந்த மட்டைப்பெட்டி. 2 அங்குல ஃபில்டர் நல்லது, ஆனா லேசில கிடைக்காது. 1 அங்குலமும் வேலை செய்யும்.

நாலு ஃபில்டரையும் அம்புக்குறி உள்நோக்கிப் பாக்கச் சதுரப் பெட்டி மாதிரி நிமித்தி, நாலு மூலையையும் மேலிருந்து கீழ டேப் ஒட்டுங்கோ. அடியை மட்டையால மூடி ஒட்டுங்கோ. மேல விசிறியை வையுங்கோ, காத்து மேல்நோக்கிப் போகவேணும். தலைகீழா வைச்சால் ஃபில்டர் வெளிப்பக்கம் ஊதி டேப் கழரும். விசிறியின்ர சதுரச் சட்டம் ஃபில்டரில இருக்கிற விளிம்பு முழுக்க டேப். வயர் வாற மூலையில ஒரு விரல் ஓட்டை விட்டால் காத்து அதுக்கால சுகமா உள்ள போகும், ஃபில்டரைத் தேடாது.

கடைசியா, கனபேர் விடுறது: விசிறியின்ர நாலு மூலையையும் மறைக்க நடுவில 14-15 அங்குல வட்டம் வெட்டின மட்டையை மேல ஒட்டவேணும். விசிறி இலை மூலைக்கு எட்டாது. மூலையில காத்து திருப்பி உள்ள இழுபடும். அந்த ஒரு மட்டையால வெளிய வாற காத்து கண்கூடாக் கூடும்.

விசிறி 2012க்குப் பிறகு செய்ததா இருக்கவேணும், அதுகளில சூட்டுப் பாதுகாப்பு உண்டு. நீட்டு வயரில போடாதேங்கோ. அறையின்ர நடுவிலயோ சுவரில இருந்து ஒரு அடி தள்ளியோ வையுங்கோ. திரைச்சீலைக்குக் கிட்ட வேண்டாம்.

#11 கரையோரக்காத்து (ஸ்காபரோ)

பேஸ்மென்டில வாடகைக்கு இருக்கிறவைக்காக ஒரு கேள்வி. தெர்மோஸ்டாற் மேல்வீட்டில. கீழ இருக்கிறவை என்ன செய்யலாம்? யன்னலில ஈரத்துணி தொங்கவிட்டால் புகை படியும் எண்டும் சொல்லுகினம்.

#12 குளிர்காற்று (மார்க்கம்)

ஈரத்துணி துணிக்கையைப் பிடிக்காது. காத்து துணியைச் சுத்திப் போகும், கீழ ஈரம் கூடிப் பூஞ்சணம் பிடிக்கும். கதவடியில உருட்டி வைச்சு இடைவெளியை அடைக்கத்தான் துணி உதவும், அதுவும் காய்ஞ்ச துணி.

கீழ இருக்கிறவை மேல்வீட்டாரிட்ட மூண்டு விசயம் கேக்கலாம்: விசிறியை "ஓன்"இல போடச் சொல்லி, மெர்வ் 13 போடச் சொல்லி, எச்.ஆர்.வி எப்ப நிக்குது எண்டு ஒரு செய்தி அனுப்பச் சொல்லி. ஃபில்டர் காசில பங்குபோடுறம் எண்டு கேட்டால் மறுக்கிற ஆக்கள் குறைவு. ஃபர்னஸ் அறை கீழ இருந்தால், அந்த அறைக்குள்ள ரிட்டேர்ன் குழாயின்ர பொருத்துகளை ஃபொயில் டேப்பால ஒட்டச் சொல்லுங்கோ.

பிறகு உங்கட அறைக்குள்ள பெட்டி விசிறிக் கிளீனர். பேஸ்மென்ட் கூரை 7 அடி, ஆகவே கணக்கு இன்னும் சுகம். யன்னல் சின்னதா ஆனா பழசா இருக்கும், ஓரத்துக்கு நுரைப் பட்டி ஒட்டுங்கோ. ஆனா படுக்கையறையில இருந்து தப்பி ஓடுற யன்னல் எண்டால் ஆணியோ நிரந்தர டேப்போ அடிக்கக் கூடாது, கையால உடன கழரவேணும். எல்லாம் மூடின பிறகு ஈரப்பதம் ஏறும். டீஹியூமிடிஃபையரை 50 வீதத்தில வையுங்கோ. அது காத்தை வெளிய தள்ளாது, பயமில்லை.

#13 17ஆம்மாடி (நோர்த் யோர்க்)

கொண்டோக்காரர் ஒருத்தரும் கேக்கேல்லை. நானே எழுதுறன்.

கன கொண்டோவில (அடுக்குமாடி வீட்டில) புகை யன்னலால மட்டும் இல்லை, வாசல்கதவின்ர அடியாலயும் வரும். நடைபாதைக்குள்ள கூரை யந்திரம் வெளிக்காத்தைத் தள்ளும், அது ஒவ்வொரு வீட்டுக் கதவின்ர கீழ் இடைவெளியால உள்ள போகத்தான் வடிவமைச்சிருக்கு. அந்த யந்திரத்தில மெர்வ் 8 இருந்தால் முழுக் கட்டிடத்துக்கும் புகை. ஏப்ரல், மே மாசத்திலயே நிர்வாகத்திட்ட எழுத்தில கேளுங்கோ: என்ன மெர்வ், எப்ப மாத்தினது, புகை நாளில என்ன செய்வினம்? புகை வந்த பிறகு கேட்டால் ஒப்பந்தக்காரர் வரவே ஒரு கிழமையாகும். புகை நேரம் மட்டும் கதவடியை உருட்டின துணியால அடையுங்கோ. நிரந்தரமா அடைக்கிறது தீயணைப்பு விதிக்கும் காத்தோட்டத்துக்கும் பிழை.

குழாயொண்டை யன்னலால வெளிய விடுற உருளும் ஏசி வைச்சிருக்கிறவை கவனம். ஒற்றைக் குழாய் வகை உங்கட அறைக்காத்தையே எடுத்துச் சூடாக்கி வெளிய தள்ளும். அந்த அளவு புகைக்காத்து கதவடியால வரும். இரட்டைக் குழாய் வகையில அந்தப் பிரச்சினை வலு குறைவு. யன்னல் ஏசி எண்டால் "வென்ட்" நெம்பை மூடி வையுங்கோ, ஓரத்து அக்கோர்டியன் பிளாஸ்ரிக்கைச் சுத்தி நுரை வையுங்கோ.

#14 மூச்சுக்குழல் (பிரம்டன்)

பிள்ளையின்ர ஆஸ்துமாவைப் பற்றி நான் சொல்லுறன், தாழையடி.

நீல நிற சல்பியூட்டமோல் பஃபர் (வாயால இழுக்கிற மருந்து) சுருங்கின மூச்சுக்குழாயை விரிக்க. தினமும் எடுக்கிற தடுப்பு பஃபர் வீக்கத்தைக் குறைக்க. இரண்டாவது வேலைசெய்ய நாட்கள், கிழமைகள் எடுக்கும். புகை வந்த அண்டைக்குத் தொடங்கினால் பிந்திப்போச்சு. வைத்தியர் எழுதித் தந்ததைக் கோடைக்கு முதலே ஒழுங்கா எடுக்கச் செய்யுங்கோ. நீலப் பஃபரில எவ்வளவு மருந்து மிச்சம் எண்டு பாருங்கோ, திகதியைப் பாருங்கோ, ஸ்பேசரோட (பஃபருக்கும் வாய்க்கும் இடையில வைக்கிற குழாய்) குடுங்கோ. எழுத்தில ஒரு ஆஸ்துமா செயற்றிட்டம் கேட்டு வாங்குங்கோ, ஒரு பிரதி பாடசாலைக்கும் கோடை முகாமுக்கும். நீலப் பஃபர் வழமையைவிட அடிக்கடி தேவைப்பட்டால் ஒன்ராறியோவில 811க்கு (சுகாதார ஆலோசனைத் தொலைபேசி) எடுங்கோ. ஒரு வசனம் முழுசாச் சொல்லேலாமல் மூச்சு வாங்கினால், விலாவெலும்புக்கு இடையில தோல் உள்ள இழுபட்டால், உதடு நீலமானால் 911. அம்மாவுக்கு நெஞ்சு நோவு, திடீர்க் களைப்பு வந்தாலும் புகையெண்டு விடாமல் 911. புகை இருதயத்தையும் தாக்கும்.

முகக்கவசம்: துணிக்கவசம் பிரயோசனமில்லை. நீல மருத்துவக் கவசம் ஓரத்தால ஒழுகும். தலையைச் சுத்தி இரண்டு பட்டி வாற என்95 சரி. போட்டுப்போட்டு இரண்டு கையாலும் பொத்தி ஊதுங்கோ. மூக்கோரத்தால கண்ணில காத்துப் பட்டால் கம்பியை இன்னும் அமத்தவேணும். தாடி இருந்தால் ஒட்டாது. பிள்ளையளுக்கு என்95 அளவு இல்லை. சின்ன அளவு கேஎஃப்94 (கொரியத் தரக் கவசம்) முகத்தில ஒட்டி நிண்டால் வெளிய கொஞ்ச நேரம் போய்வரப் பாவிக்கலாம். அதைப் போட்டு விளையாட விடக்கூடாது. கவசம் துணிக்கைக்குத்தான், வாயுவுக்கு இல்லை.

ஆவி பிடிக்கிறது மூக்கடைப்புக்குச் சுகம் தரும், நுரையீரலுக்குள்ள போனதைக் கழுவாது. பிள்ளையளுக்குச் சுடுதண்ணிச் சட்டியால எரிகாயம்தான் கூட வாறது, வேண்டாம்.

கோவில் தேர், கோடை விளையாட்டுப் போட்டி நடத்துறவைக்கும் ஒரு வார்த்தை. ஏ.க்யூ.எச்.ஐ 7 தாண்டினால் ஓட்டப் போட்டியைத் தள்ளிப்போட எண்டு முதலே விதியா எழுதிவையுங்கோ. அண்டைக்கு மைதானத்தில நிண்டு வாக்குவாதப்பட்டு முடிவெடுக்கேலாது. தேர் இழுக்கிறதும் கடும் உடற்பயிற்சிதான்.

#15 கரையோரக்காத்து (ஸ்காபரோ)

ஏசி இல்லாத வீட்டில, 31 பாகையில எல்லாத்தையும் பூட்டிக்கொண்டு இருக்கிறதோ?

#16 மூச்சுக்குழல் (பிரம்டன்)

இல்லை. வயசானவைக்கு வெக்கை புகையைவிடக் கெதியில ஆளைக் கொல்லும். உள்ள வெக்கை தாங்கேலாட்டி யன்னலைத் திறவுங்கோ, இல்லாட்டி பகலில நூலகம், மோல் மாதிரி ஏசி உள்ள பெரிய கட்டிடத்துக்குப் போங்கோ. இரவு வெளி எண் இறங்கினால் திறந்து குளிர்விச்சு, விடிய மூடுங்கோ.

#17 சொதி (ஏஜாக்ஸ்)

காருக்கும் ஒண்டு. ரீசேர்குலேஷன் பொத்தானை அமத்துங்கோ. ஆனா நாலு பேர் இருக்கிற காரில அரை மணித்தியாலத்துக்கு மேல அப்பிடியே ஓடினால் கரியமிலவாயு ஏறி ஓட்டுறவருக்கு நித்திரை தூங்கும். இடைக்கிடை ஒரு நிமிசம் வெளிக்காத்து எடுங்கோ. கையுறைப் பெட்டிக்குப் பின்னால இருக்கிற கேபின் ஃபில்டரை வசந்தத்தில மாத்தினால் நல்லது, அம்புக்குறி பாத்துப் போடவேணும்.

#18 தாழையடி

எல்லாருக்கும் நன்றி. கடைசிக் கேள்வி. புகை போன பிறகு வீட்டுக்குள்ள மணம் நிக்குது எண்டு கனபேர் சொல்லுகினம். ஹெப்பா ஃபில்டர் (நுண்துணிக்கையைப் பிடிக்கிறது) உள்ள கிளீனர் ஓடினாலும் போகாதோ?

#19 குளிர்காற்று (மார்க்கம்)

ஹெப்பாவும் மெர்வ் 13உம் துணிக்கைக்கு. மணம் வாயு. அது சுவர், சோபா, திரைச்சீலையில படிஞ்சு நாள்கணக்கா மெல்ல மெல்ல வெளிய வரும். கிளீனருக்குள்ள வாற மெல்லிய கறுப்புத் தாள் கரி கொஞ்ச நாளில நிரம்பிடும். கிலோக்கணக்கில கரி உள்ள யந்திரம் உதவும், விலை கூட.

மலிவான வழி கழுவுறது. வெளி எண் நல்லா இறங்கின பிறகு எதிரெதிர் யன்னல்களைத் திறந்து, ஒண்டில விசிறியை வெளிநோக்கி வைச்சு சில மணித்தியாலம் விடுங்கோ. பிறகு தும்புத்தடியால கூட்டாதேங்கோ, படிஞ்சது திருப்பிக் கிளம்பும். ஹெப்பா பை உள்ள வாக்குவமால இழுத்து, தட்டையான பரப்பு எல்லாத்தையும் ஈரத்துணியால துடையுங்கோ. துணியை அடிக்கடி அலசவேணும். திரைச்சீலை, தலையணை உறை துவைக்கலாம், இப்ப டிரையர் ஓட்டப் பயமில்லை.

ஃபர்னஸ் ஃபில்டரைக் கழட்டேக்கை விசிறியை நிப்பாட்டிப்போட்டு, அசைக்காமல் இழுத்து உடன குப்பைப் பையில போட்டுக் கட்டுங்கோ. எச்.ஆர்.வியின்ர நுரை ஃபில்டர் இரண்டையும் கழட்டி இளஞ்சூட்டுத் தண்ணியில கழுவி, நல்லாக் காயவிட்டுப் போடுங்கோ. வெளிச்சுவர் மூடியில இருக்கிற வலையில சாம்பலும் பஞ்சும் அடைச்சிருக்கும், பழைய பல் துலக்குற தூரிகையால தட்டிவிடுங்கோ. அது அடைச்சுக் கிடந்தால் உள்ள வாற காத்து குறைஞ்சு, வெளிய போறது அதைவிடக் கூடவா இருந்து, வீடு திருப்பியும் வெடிப்புகளால இழுக்கத் தொடங்கும். எல்லாம் முடிய பிளக்கைப் போட்டு, தெர்மோஸ்டாற்றில ஒட்டின துண்டைக் கழட்டுங்கோ.